அறுபத்து மூவாயிரத்துக்கு எதிரே

1

இந்தக் கதை ஒரு சின்னப் பொய்யில் பிறந்தது. அடுப்பில் பால். தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோன். மறுமுனையில் அவள் கணவர்.

"எழுதிக்கோ. அறுபத்து மூவாயிரம்."

"பால் பொங்கப்போகுதுங்க."

"என் தூண் அறுபத்து மூவாயிரம் தடவை ஆடியிருக்கு, அதுவே பொறுமையா நிக்குது. உன் பாலுக்கு என்ன அவசரம்?" பிறகு ஓர் அளவைச் சொன்னார். "எழுதிட்டியா?"

"ம்ம், எழுதிட்டேன்."

எழுதவில்லை. அரை மணி நேரத்தில் ஆய்வுக்கூடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்; பிழைக்கவில்லை.

2

("மண்ணும் கான்கிரீட்டும் கணவன் மனைவி போல" என்றுதான் இந்தக் கதையை முதலில் தொடங்கியிருந்தாள். அவர் படித்தால் ஒரு வாரம் சிரிப்பார். அடித்துவிட்டாள்.)

பாலத்தூணை அலை தள்ளித் தள்ளி இழுத்தால் சுற்றியுள்ள மண் எவ்வளவு விலகும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு அவருடையது. அதைச் சோதிக்க ஒரு தொட்டி ஈரக் களிமண், நடுவில் முழங்கை நீளக் கான்கிரீட் தூண், அதை ஆட்ட ஓர் இயந்திரம். ஆயிரம் ஆட்டத்துக்கு ஒருமுறை இடைவெளியை அளப்பார். கையெல்லாம் சேறு. அதனால் ஃபோனில் சொல்வார். இவள் நோட்டில், முன்பே எண் போட்டு வைத்த கட்டங்களில் எழுதுவாள்.

அறுபதாயிரத்துக்கு மேல் இடைவெளி விரியாது என்றது கணக்கு. அறுபதாயிரத்தில் 1.8 மில்லிமீட்டர். அறுபத்திரண்டாயிரத்திலும் அதேதான்.

3

மூன்று வாரம் கழித்து, அவருடன் வேலை பார்த்த இன்ஜினியர் சோதனையைத் தொடர்ந்தார். அறுபத்து நாலாயிரத்தில் 2.1. கணக்கு தோற்றுவிட்டது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டியவர், காலிக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"இதுல ஒண்ணு புள்ளி எட்டுன்னு போட்டுடலாம் அண்ணி. கடைசிவரைக்கும் ஜெயிச்சதாவே நினைச்சுட்டுப் போனாருன்னு இருக்கட்டும்."

"அவர் போட விட்டிருப்பாரா?"

"அவரா? கையை உடைச்சிருப்பாரு."

இருவரும் சிரித்தார்கள்.

4

நோட்டில்தானே கூடாது, கதையில் போடலாமே என்றுதான் எழுத உட்கார்ந்தாள்.

முதல் முடிவு: 1.8. அவர் குரலில் அத்தனை சந்தோஷம், அவர் அன்று...

குரல் எப்படி இருந்தது என்று நினைவில்லை. பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முடிவு: 1.9. தோற்றது தெரிந்தும் அவளைக் கிண்டல் செய்தார்.*

வாசகரே, பென்சில் உங்களிடம் இருக்கட்டும். மனம் வந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். அவள் நோட்டில் அந்தக் கட்டம் காலிதான்.

* தோற்ற நாளில்தான் அவர் அதிகம் கிண்டல் செய்வார். ஆனால் ஜெயித்த நாளிலும் சும்மா இருந்ததில்லை.

5

பால் பொங்கவில்லை. நேரத்துக்கு அணைத்துவிட்டாள்.