சம்பந்தி இட்ட அப்பளம்

லலிதாம்பாளுக்கு மனுஷர் யாரையும் மதித்துப் பழக்கமில்லை. கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் நாலு பெண்களை உட்கார்த்தி அப்பளம் இடவைத்து ஆரியசாலைக் கடைக்கு அனுப்புகிறவள் அவள். மாவு இடிக்கிறவளுக்குக் கையில்லை, உருண்டை கிள்ளுகிறவளுக்குக் கண்ணில்லை, பகவதியம்மாள் ஒருத்திதான் ஏதோ தேவலை என்று நாளெல்லாம் வாய் ஓயாது. அந்த வாய் விஜயலக்ஷ்மி முன்னால் மட்டும் ஊமையாகிவிடும். ஆகாதா பின்னே? அவள் சம்பந்தியம்மாள். லலிதாம்பாளின் ஒரே பெண் அவள் வீட்டில்தான் வாழ்கிறாள்.

வீட்டில் சும்மா இருப்பானேன் என்று தானாக வந்து உட்கார்ந்தவள் விஜயலக்ஷ்மி. ஊர்வம்பு ஓடுகிற வேகத்தில் பாதிகூடக் குழவி ஓடாது. இட்ட அப்பளமோ நடுவில் அடை, ஓரத்தில் காகிதம். இந்த லட்சணத்துக்குக் கை நிறைய வளையல் வேறு என்று லலிதாம்பாள் மனசுக்குள் காறித் துப்புவாள். வெளியே, காப்பி கலக்கட்டுமா என்று கேட்பாள். பெண்ணைக் கொடுத்தால் நாக்கையும் சேர்த்தா கொடுத்துவிட வேண்டும்?

எல்லார் இட்டதும் ஒரே வேஷ்டியில் காய்ந்து ஒரே கட்டாகப் போகும். ஒருநாள் அந்தக் கட்டு திரும்பி வந்தது. எண்ணெயில் போட்டால் பொரியாமல் முழிக்கிறதாம்; இன்னொரு தரம் இப்படி வந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று கடைக்காரர் ராஜமணி சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் கடை போனால் லலிதாம்பாள் வீட்டில் அடுப்பெரியாது.

இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். சம்பந்தி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். லலிதாம்பாளின் கண் சுவருக்கு ஓடிவிட்டது.

"ஆரோ ஒருத்தர் தடியா இடறேள். ஆருன்னு அவாவாளுக்கே தெரியுமாக்கும்" என்றாள் சுவரைப் பார்த்து.

யார் என்று அங்கே தெரியாதவர் இல்லை. பகவதியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆரோன்னு சொல்லாதீங்கோ மாமி. பேரைச் சொல்லுங்கோ. இல்லேன்னா அது நான்தான்னு நாளைக்குத் தெருவே பேசும்."

லலிதாம்பாள் பேரைச் சொல்லவில்லை. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும் என்று பகவதியம்மாள் மேலேயே பாய்ந்தாள். தைரியசாலி!

மறுநாள் பகவதியம்மாள் வரவில்லை. அடுத்த தெருவில் தன் வீட்டிலேயே அப்பளப் பலகை போட்டுவிட்டாளாம். இன்னும் இரண்டு நாளில் மற்ற இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

கூடத்தில் மிஞ்சியது சம்பந்திகள் இருவர். விஜயலக்ஷ்மி காலைத் தாராளமாக நீட்டிக்கொண்டு குழவியை எடுத்தாள்.

"நன்னாப் போச்சு, கேட்டேளா மாமி. தடியா இடறவாள்லாம் ஒழிஞ்சா. இனி நம்ம சரக்கைப் பத்தி ஒருத்தன் வாய் திறப்பானா?"

"அதானே" என்றாள் லலிதாம்பாள். மாவு உருண்டைகளை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் காப்பி கலக்க எழுந்து போனாள்.