ஆறு மணி நேரத்துக் குதிகால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்காவின் வாயைக் கிளறித் திருடிய கதை இது. பாலில் உள்ள ஓர் அமினோ அமிலத்தை உடைக்க நம் ஈரலில் ஒரு நொதி இருக்கிறதாம். பிறவியிலேயே அது வேலை செய்யாவிட்டால் அமிலம் சேர்ந்து சேர்ந்து குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும். குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் முன்கூட்டியே கண்டுபிடித்தால், பாலை மாற்றிக் காப்பாற்றிவிடலாம்.

முதல் தொடக்கம்: 'ஈரல் என்னும் பட்டறையில் ஒரு நொதி...' (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

இரண்டாம் தொடக்கம்: செவிலி அவசரக்காரி. பிறந்து ஆறு மணி நேரமே ஆன குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத்தை அட்டையில் ஒற்றி அனுப்பினாள். கோளாறு இல்லை என்று முடிவு வந்தது. தாய் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

அக்கா படித்தாள்.

"ஆறு மணி நேரத்துலயா குத்துனா? பால் உள்ள போயி, அமிலம் சேந்தாத்தானடா ரத்தத்துல தெரியும். ஒரு நாளாவது ஆகணும்."

"கதை வேகமாப் போகணும்லக்கா."

"உன் வேகத்துக்கு அந்தப் புள்ள என்னடா பண்ணும்? அதுவுமில்லாம, பொறந்து எத்தன மணி நேரத்துல குத்துனதுன்னு அட்டையில போட்டிருக்கும். ஆறுன்னு இருந்தா நாங்களே திருப்பி அனுப்பிருவோமே."

[அக்கா போனபிறகு செருகியது: செவிலி அட்டையில் 'முப்பது மணி நேரம்' என்று எழுதினாள்.]

ஓட்டையை அடைக்கப் போய், ஒரு நல்ல பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

3

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுது என்பீர்கள். நீங்கள்தான் படித்துத் தொலைத்துவிட்டீர்களே.

அந்தக் குழந்தைக்கு நொதி வேலை செய்கிறதா? நான் இன்னும் முடிவு செய்யவில்லை. செவிலிக்கும் தெரியாது. மனசு கேட்காமல் ஐந்தாம் நாள் காலை அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். தாய் பால் கொடுத்தபடியே வந்து திறந்தாள்.

"வாங்க சிஸ்டர். எல்லாம் நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க?"

முடிவு அ: "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." செவிலியின் வேலை தப்பும்.

முடிவு ஆ: "அட்டையில நேரத்தைப் பொய்யா எழுதிட்டேம்மா. திரும்பக் குத்தணும்." வேலை போய்விடும்.

எனக்கு 'ஆ'தான் பிடித்திருக்கிறது. போகப்போவது என் வேலை இல்லையே. அவளைப் பொய் சொல்ல வைத்தவனே இப்போது உண்மையையும் சொல்லச் சொன்னால் அவள் என்னைக் காறித் துப்புவாள். வெட்கமாக இருக்கிறது. பேனாவை மூடிவிட்டேன்.

செவிலி வாசலில் நின்று உங்களைப் பார்க்கிறாள். அவளுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். யோசித்துக்கொண்டே நிற்காதீர்கள், குழந்தை குடித்துக்கொண்டிருக்கிறது.