காலையில் வெட்டாத கத்தரிக்கோல்

உலகத்தில் நேர்கோடு என்று ஒன்று இருப்பதே தன் கத்தரிக்கோலின் தயவால்தான் என்பது மாஸ்டரின் கருத்து. மழைக்கு மேகம் காரணம் என்று சொல்வதுபோல, அலட்டாமல் சொல்வார். "ஸ்கேலையே என் வெட்டைப் பார்த்துத்தான் செஞ்சிருக்காங்க." கேட்கிறவர் சிரித்தாலும் இவர் சிரிக்க மாட்டார்.

மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தங்கை நிமிரக்கூட மாட்டாள். தையல்கடை இருவருக்கும் பொது. வெட்டு அண்ணனுக்கு, தையல் தங்கைக்கு, பெருமை முழுக்க அண்ணனுக்கு.

அந்தக் கத்தரிக்கோல் கொஞ்ச காலமாகக் காலை நேரத்தில் வேலை செய்வதில்லை.

மாஸ்டர் திருகைத் தளர்த்திப் பார்த்தார். எண்ணெய் விட்டார். சாணை பிடிக்கக் கொடுத்து வாங்கினார். மறுநாளே சாணைக்காரரைக் கூப்பிட்டு, "என்னய்யா சாணை இது, வெண்ணெயைக்கூட வெட்டாது" என்றார். சாணைக்காரர் தன் மீசையில் ஒரு முடியை நீட்டிப் பிடித்து நறுக்கிக் காட்டினார். "இதுக்கு மேல நிரூபிக்கணும்னா மூக்குதான் இருக்கு மாஸ்டர்."

புதுசு ஒன்று வாங்கியாயிற்று. அதுவும் காலையில் மக்கர்தான். மதியத்துக்கு மேல் பழசு, புதுசு இரண்டுமே சுளுவாக வெட்டிக்கொண்டு போயின. இரும்புக்கும் தூக்கக் கலக்கம் உண்டு என்று மாஸ்டர் முடிவுக்கு வந்தார்.

தங்கைக்கு விஷயம் துணியிலேயே தெரிந்துவிட்டது. காலையில் வெட்டிய துண்டின் ஓரம் எலி கடித்தாற்போல இருக்கும். மாலையில் வெட்டியது நூல் பிடித்தாற்போல. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் சேராது. பிரித்தாள், ஓரம் சீவினாள், மறுபடி தைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருந்தன்மை எல்லாம் ஒன்றும் இல்லை. கோபம். அனுபவிக்கட்டும்.

அவளுக்கும் முன்பு இப்படித்தான் ஆரம்பித்தது. எழுந்தால் விரல் மடங்காது. வெயில் ஏறும்வரை கை யாருடையதோ மாதிரி இருக்கும். இரண்டு கையிலும் அதே விரல் முட்டிகளில் அதே வீக்கம், தொட்டால் பஞ்சு மாதிரி. காரணமில்லாத அசதி. சில நாள் மேலுக்கு லேசாகச் சுடும். சூட்டுக்காக டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாஸ்டர் துணி கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் வேடிக்கை காட்டினார்: "பெத்த பிள்ளையைக்கூட இப்படிப் பிடிச்சதில்லை. தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் அதுதான் அதிகமாக எரிகிறது. டாக்டரிடம் போகிறேன் என்றதற்கு, "உடம்பு வளையலேன்னு சொல்லு, எதுக்கு வியாதி மேல பழி?" என்றார்.

அந்தச் சிரிப்பில் ஒரு வருஷம் போயிற்று. கடைசியில் போனபோது டாக்டர் முடக்குவாதம் என்றார். மருந்தில் வீக்கம் வற்றியது. வலது கையில் இரண்டு விரல் கோணியது கோணியதுதான். அதன்பிறகு அவளால் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க முடியவில்லை. ஊசி விரலுக்குள் நிற்காது.

ஒருநாள் காலை, ஒரு வாடிக்கையாளரின் கோட்டுத் துணியில் கத்தரிக்கோல் சறுக்கி, முன்பக்கம் நடுவில் கீறிக்கொண்டு போனது. மாஸ்டர் நெய்தவனைத் திட்டினார். "நெசவே கோணல்."

தங்கை மெஷினை நிறுத்தினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கையைக் கொடு அண்ணே."

"எதுக்கு, ஜோசியமா?"

கை குலுக்குவதுபோலப் பிடித்து முட்டிகளைச் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினாள். மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்தக் கையும் இப்படித்தானே?"

மாஸ்டர் மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"காலையில சட்டை பட்டன் அண்ணிதான் போட்டு விடுறாங்களா?"

"அவ ஆசைக்குப் போடுறா."

"ஆசை மத்தியானத்துக்கு மேல காணாமப் போயிடுமோ?" கோணல் விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்லாப் பாரு. இது உன் வெட்டு. கத்தரிக்கோலே எடுக்காம வெட்டினது. வேலை செஞ்சு வர்ற வலி சாயங்காலம்தான் கூடும். இது காலையில கட்டிப்போட்டு, மத்தியானம் அவிழ்த்து விடுது. எனக்கு வந்த மாதிரியே இருக்கு. இல்லேன்னா டாக்டர் இல்லேன்னு சொல்லட்டும். ஆரம்பத்துலயே போனா விரல் தப்பும். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, சிரிக்கத்தான் ஆள் இருந்துச்சு."

"எனக்கெல்லாம் அது வராதும்மா. இந்தக் கத்தரிக்கோல்தான்..."

"இன்னொரு வாட்டி கத்தரிக்கோல்னு சொன்னே, மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன். நீயும் உன் நேர்கோடும் குடித்தனம் பண்ணுங்க."

அந்த வாரம் முழுக்க இருவருக்கும் நடுவில் மெஷின் மட்டும்தான் பேசியது. அண்ணனும் காலையில் கத்தரிக்கோலைத் தொடவில்லை. துணியில் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தார்.

மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூட்டு டாக்டர் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் இடம் தேடினால், கோடியில் அவர். பட்டன் வாங்கப் போகிறேன் என்று காலையில் கடைச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனவர். சட்டையில் மேல் பட்டன் போடவில்லை.

அவளைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டார். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் சேர்ந்தது. கோபமும் அப்படியே இருந்தது. உட்கார்ந்தாள்.

மாஸ்டர் கையில் காகிதக் கப் நிறைய டீ. ஆவி பறந்துகொண்டிருந்தது. குடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அதைப் பொத்தி, விரல் முட்டிகளில் சூடு படும்படி மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார்.