சட்டைப்பைக்குள் போன ரேடியோ

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதல் வரைவை மாலை வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அதில் என் கோபமெல்லாம் டிரான்சிஸ்டர் மேல் இருந்தது. மனிதர்கள் மேல் கோபப்படுவதைவிட அது எளிது.

"விஞ்ஞானம் வளர வளர மனிதன்—" (வேண்டாம். பேச்சுப்போட்டி வாடை அடிக்கிறது.)

மறுபடியும். 1962. மலாக்கா, காஜா பெராங். கமலவேணி வீட்டுக் கூடத்தில் பெரிய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. முடுக்கினால் சூடேறிப் பேசக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவள் புருஷன் நடராஜன் அதைக் கடையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கை அகல டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கி வந்தான்.

"இனிமே போற இடமெல்லாம் ரேடியோ கூடவே வரும்லா!"

"யாரு கூட?" என்றாள் கமலவேணி.

2*

*அடிக்குறிப்பாக வைக்க நினைத்தது, பெரிதாகிவிட்டது. இந்த ரேடியோவுக்குப் பெயர் தந்த டிரான்சிஸ்டர் என்பது உள்ளே இருக்கும் பொடி உறுப்பு; நகத்தளவு சில்லு ஒன்றில் அப்படிப் பலவற்றை அடைக்கிறார்களாம். ஆண்டுக்கு ஆண்டு இன்னும் சிறுக்குமாம். பத்திரிகை வியக்கிறது. சிறுத்தது யார் பைக்குள் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூடத்தில் இருந்தவரை அது வீட்டு ரேடியோ. பைக்குள் போனதும் ஓர் ஆளின் ரேடியோ.

3

வானொலிக்காரர்கள் மலாக்காவுக்கு வந்து கமலவேணியின் பாட்டைப் பதிவு செய்து போயிருந்தார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்கு, ஒரே ஒரு முறை ஒலிபரப்பு. தன் குரலை அவள் அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை.

ஐந்தரைக்கே நடராஜன் டிரான்சிஸ்டரோடு காப்பிக்கடைக்குப் போய்விட்டான். கோலாலம்பூரில் காற்பந்தாட்டம். இருபது ஆண்கள் அந்தச் சின்னப் பெட்டியைச் சூழ்ந்திருந்தார்கள்.

முடிவு (அ): ஆறு மணிக்குள் அவன் வீட்டுக்கு ஓடி வருகிறான். (பொய்.)

முடிவு (ஆ): பக்கத்து வீட்டு பஷீராவின் ரேடியோவில் கேட்கிறாள். (அங்கும் பெரிய பெட்டி போய், டிரான்சிஸ்டர் அவள் புருஷன் பைக்குள்.)

முடிவு (இ): காப்பிக்கடைக்குள் புகுந்து அவன் கையிலிருந்து பறிக்கிறாள்.

(இ) எனக்குப் பிடித்திருந்தது. கமலவேணி அக்காவும் அதே மாலை வகுப்புதான். அவரிடமே படிக்கக் கொடுத்தேன்.

"நான் எங்க தம்பி பறிச்சேன்? வாசல்ல நின்னு கேட்டேன். 'ஒரு பாட்டுதாங்க, கேட்டுட்டுத் தந்துர்றேன்'னேன். 'ஆட்டம் முடியட்டும், வீட்டுக்குப் போ'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அழகு பண்ணாம அதை எழுது."

எழுதினேன். அடுத்த வரி வர—

4

அக்கா நாகரிகமாகச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்த இருபது பேரில் நானும் ஒருவன். நடராஜனுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அக்கா அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான், "யாருண்ணே கோல் போட்டது?" என்று கேட்டேன்.

இப்போதும் ஆறாக இரண்டு நிமிடம். அவர் வாசலில் நிற்கிறார். நடராஜன் சத்தத்தைக் கூட்டுகிறான். பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தாயிற்று.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இதைப் படிக்கிற நீங்கள் வந்து உட்காருங்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.