ஐ ஆம் கோயிங்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் முழுசாக விசாரிப்பதில்லை. 'ஹவ் ஆர் யூ' என்கிறார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நிற்க நேரமில்லாதவன் எதற்குக் கேட்க வேண்டும்? இந்தப் பழக்கம் பம்பாயில் எங்கள் லேபர் கேம்ப் சந்துக்குள்ளும் வந்து, போன ஆடியில் என் வீட்டுக்குள்ளும் ஏறிவிட்டது. ஒருநாள் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினேன். என் மனைவி முப்பிடாதி 'தேங்க்யூ' என்றாள். நாற்பது வருஷத்தில் எனக்குச் சொன்ன முதல் நன்றி. யாருக்கோ சொன்னது போல இருந்தது.

முப்பிடாதி செம்பூரில் ஷ்ருதி என்ற பெண் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்கிறாள். பிறந்த இருபதாம் நாளிலிருந்து, இந்த இரண்டரை வருஷமாக, அந்தப் பாப்பா இவள் தோளில்தான் தூங்குகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை.

பாப்பாவைச் சேர்க்கப்போகிற பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்தார்களாம். இருபது இங்கிலீஷ் வாக்கியம். வீட்டில் பிள்ளையோடு இருக்கிறவர்கள் அதைப் பேசிப் பழக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முப்பிடாதி இருபதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரிந்த வேறு ஆள். ஷ்ருதி தன்மையாகத்தான் சொன்னாள். தன்மையாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மத்தியானம் வேலை முடித்து வந்து கொஞ்சம் கண்ணயர்வாள். மழை தகரத்தில் பெய்துகொண்டே இருக்கும். தூக்கத்தில் அவள் வாயிலிருந்து சொற்கள் வரும். 'ஸ்பூன்.' கொஞ்சம் பொறுத்து, 'பில்லோ.' ஒவ்வொன்றும் ஈரக்காற்றில் மேலே ஏறி, ஃபேனோடு ஒரு சுற்றுச் சுற்றி, எங்கோ இறங்குவது போலிருக்கும். 'ஐ ஆம் வாஷிங் மை ஹேண்ட்ஸ்' என்பாள். பாயில் கிடக்கும் கை அசையும். எந்த ஊர்த் தண்ணீரில் கழுவுகிறாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. எழுப்பிக் கேட்கத் தோன்றும். எழுப்பினால் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிவிடுவாளோ என்று விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜோடியாகப் பேசிப் பழக ஆள் குறைகிறதென்று என்னையும் அவள் போகிற இங்கிலீஷ் வகுப்புக்கு இழுத்துப்போனாள். மாஹிம் பக்கம், தையல் பட்டறைக்கு மேலே ஒரு அறை. கீழே மிஷின்கள் ஓடுவதால் தரை நடுங்கிக்கொண்டே இருந்தது. முப்பிடாதியோடு சேர்த்து வந்திருந்த ஏழு பேரும் வீட்டு வேலை பார்க்கிற பெண்கள். சொல்லிக்கொடுக்கிற நுஸ்ரத் கம்பெனியில் போன் பேசுகிற பெண்.

"மாமா, ஹவ் ஆர் யூ?"

"முட்டி வலிக்கு தாயி. நேத்துலருந்து படியேற முடியல."

"அரே மாமா, ஃபைன்னு சொல்லுங்க, பஸ், அது போதும்."

"வலிக்கிற முட்டிய வச்சுக்கிட்டு எப்படி ஃபைன்னு சொல்ல? பொய் சொல்லவா இங்க சொல்லித் தாறிய?"

பெண்கள் சிரித்தார்கள். "இவியளக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றாள் முப்பிடாதி.

முப்பிடாதியின் தாளை வைத்துத்தான் அன்றைக்குப் பாடம். பத்தொன்பது வாக்கியமும் ஒழுங்காகத்தான் போனது. கடைசி வாக்கியத்துக்கு வாசலில் நின்று கையை ஆட்ட வேண்டுமாம். ஐ ஆம் கோயிங். பை.

"அப்படின்னா?" என்று கேட்டாள் முன்னால் உட்கார்ந்திருந்த பேகம்.

"நான் போறேன்னு அர்த்தம், சாச்சி."

எங்கள் பக்கத்தில் இந்துவோ முஸ்லிமோ, வாசலில் நின்று யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வாரேன்' என்பார்கள். வெறும் 'போறேன்' திரும்பி வராதவர்களுக்கு.

"அல்லாவே, வெளக்கு வைக்கிற நேரத்துலயா? நான் மாட்டேம்மா" என்றாள் பேகம்.

"வேலைக்குப் போற வீட்டு வாசல்ல இதச் சொன்னா விளங்குமா?" என்றாள் இன்னொருத்தி, விஜயராணி.

"இது இங்கிலீஷ். இங்கிலீஷ்ல சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாள் நுஸ்ரத்.

"யாரு பாத்தா?" என்றேன் நான்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே சொல்லிக் காட்டுவதாக வாசலுக்குப் போனாள். கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், கீழே மிஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. தரை நடுங்குவதும் நின்றது. வெளியே மழைத்தாரை மட்டும் வெள்ளையாகத் தொங்கியது. "ஐ ஆம்..." என்றாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறக்கிக்கொண்டு, "அத வீட்ல படிச்சுக்குங்க" என்று உள்ளே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் செம்பூருக்குப் போனேன். பதினோராவது மாடி. ஜன்னலை மேகம் அடைத்திருந்தது. வீடே எங்கோ மிதந்து போவது போல இருந்தது. முப்பிடாதி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாப்பா பாதி வாயால் திருப்பிச் சொன்னது. பத்தொன்பது முடிந்தது. நாங்கள் வாசலுக்கு வந்தோம்.

"ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங்" என்றாள் முப்பிடாதி.

ஷ்ருதி தாளைப் பார்த்தாள். "இதுல அப்படி இல்லையே. நம்மாத்து வழக்கம் எனக்கும் தெரியும், முப்பிடாதிம்மா. ஆனா ஸ்கூல்ல இதத்தான் கேப்பா."

"தெரிஞ்சுமா சொல்லச் சொல்லுத?" என்றேன். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாப்பா கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. முப்பிடாதி அதையே பார்த்தாள். பிறகு, தூக்கத்தில் பேசுகிற அதே குரலில், "ஐ ஆம் கோயிங். பை" என்றாள்.

"பை" என்றது பாப்பா.

"சூப்பர்! நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்கோ" என்று ஷ்ருதி கதவைச் சாத்தினாள்.

லிஃப்டில் முப்பிடாதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்களாவது போயிட்டு வாரோம்னு சொன்னியளா?"

"சொன்னேன். கதவு சாத்தின பொறவு."

"பாப்பாவுக்குக் கேட்டுருக்குமா?"

"கதவுக்குக் கேட்டுருக்கும்."

கீழே வந்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "தாளுல உள்ளதத்தான சொன்னேன்? நம்ம சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது."

"இத்தன வருசம் பம்பாயில இருக்குத சாமிக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவள் சிரித்தாள். நாளைக்குப் பாப்பாவைத் தூக்கப்போகிறவளின் சிரிப்பு. "ஆட்டோ பிடிப்போம், முட்டி வலிக்கும்" என்றாள். நான் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். எந்த பாஷையில் சொன்னால் என்ன, வாயை விட்டுப் போன சொல் எங்காவது போய்ச் சேரத்தான் செய்யும். பின்னால் அவள் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக்கொண்டே நடந்தேன்.