நீல வானம் இருக்கும்போதே

...மேகம் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, வந்து சேர அரைமணி நேரமாவது ஆகும், அதுவரை வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம், சூரியன் முதுகுக்குப் பின்னால், காற்று குறுக்காக, இதைவிடத் தோதான காலை வேறெப்போது வாய்க்கும் என்று கேமராவை முக்காலியில் திருகிக்கொண்டே வெர்னா நினைத்தாள், நினைத்ததுமே மனசு கனத்தது. ஒஹாயோ ஆற்றின் அக்கரையில் இரும்பு வார்ப்பு ஆலையின் புகைபோக்கி, அதிலிருந்து சோம்பலாக எழும் வெள்ளைப் புகை. பின்னாலிருக்கும் வானத்தை அது எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். முன்பெல்லாம் மாநில அலுவலகம் அவள் கண்ணைத்தான் நம்பியது, ஆறு மாதத்துக்கொரு பரீட்சை வைத்து. ஆனால் கண் என்றால் ஆலையின் வக்கீல், அன்றைக்கு உங்களுக்குத் தலைவலியா அம்மணி, என்று கேட்பான், படத்தை யார் அப்படிக் கேட்பது? இப்போது படத்தை ஏற்றினால் கணினியே சதவீதத்தைச் சொல்லிவிடும். கேமரா வந்தபோது எத்தனை நிம்மதி அவளுக்கு... இனி நான் சொல்லவில்லை, படம் சொல்கிறது. இருபதைத் தாண்டினால் இரண்டாம் உலையை மூடவேண்டியதுதான், ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை ஆகிவிட்டது. இரண்டாம் உலையில்தான் தம்பி வென்டெல். அந்த ஆலையில் ஆளில்லாத குடும்பத்திலிருந்து ஒரு ஆய்வாளரை இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே போய்த் தேடுவது?

வண்டிச் சத்தம் கேட்டபோதே தெரிந்துவிட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. அவனே வந்து பக்கத்தில் நின்றான்.

“காபி கொண்டாந்தேன். ஆறிப்போச்சு.”

“நீ இங்க வரக் கூடாது, வென்டெல்.”

“இது மாதா கோயில் வாசல்தானே. கோயிலுக்கு வந்தேன்னு வெச்சுக்க.”

“நீயா? சாமியார் மயங்கி விழுந்துருவார்.”

சிரித்தான். பிறகு மலைப்பக்கம் பார்த்தான். “அக்கா, அந்த மேகம் வந்துரட்டுமே. வெள்ளப் புக வெள்ள வானத்துல என்ன பெருசா தெரியப்போகுது? உன்னப் பொய் சொல்லச் சொல்லல. உண்மையக் கொஞ்சம் லேட்டா சொல்லு.”

“இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?”

“நீதான். போன கிறிஸ்துமஸ்ல, பெருமையா.”

சொல்லியிருப்பாள், ஒயின் இரண்டு கோப்பை உள்ளே போயிருக்கும்... வேலைநிறுத்தத்தில் ஆலை மூடிக்கிடந்த அந்த வருஷம் ஜன்னல் விளிம்பில் கரியே படியவில்லை, அம்மா காலையில் ஈரத்துணியோடு வந்து அந்தச் சுத்தமான விளிம்பைத் துடைத்தபடி அழுதது இவனுக்கு எங்கே நினைவிருக்கும், தொட்டிலில் கிடந்தான். புகை இல்லையென்றால் சோறு இல்லை. இருந்தால்? காற்று அசையாமல் புகை கீழே இறங்கி அமரும் நாட்களில் கீழ்த்தெருப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விளையாட வெளியே விடுவதில்லை, இவனுக்கும் ஜோனுக்கும் பிறந்த மகளும் அங்கேதான் நாலாவது படிக்கிறாள். அதை அவன் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை. காத்திருந்தால் யாருக்குத் தெரியும், காலையில் மேகமூட்டம் என்று எழுதினால் முடிந்தது, அதுவும் நடக்கிறதுதானே... ஆனால் எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்கிறான், சின்ன வயதில் அவள் சைக்கிளைக் கேட்ட அதே குரல், கொடுத்துவிடுவாள் என்ற அந்த நிச்சயம்... விரல் அழுத்தியது. மறுபடி. மறுபடி. எல்லாப் படத்திலும் நீலத்தின்மேல் சுண்ணாம்பு பூசிய மாதிரி புகை, கணினிக்குப் போகாமலே அவள் கண்ணுக்குத் தெரிந்தது, முப்பதுக்குக் குறையாது.

வென்டெல் கடைசிப் படம் வரை நின்றான். காபியைத் தரையில் கொட்டினான்.

“ஞாயித்துக்கெழம ஜோன் பைரோகி கொழுக்கட்ட செய்யறா. நீ வருவியான்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?”

“நீ என்ன நெனைக்கிற?”

“நான் ஒண்ணும் நெனைக்கல,” என்று வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

அவள் முக்காலியை மடக்கவில்லை. மேகம் மலையைத் தாண்டி மெல்ல இறங்கிற்று, புகைபோக்கிக்குப் பின்னால் வெளுத்துப் பரவிற்று, புகை அதில் கரைந்து எங்கே முடிகிறது, எங்கே வானம் என்றே தெரியாமல் போனது, கேமராவுக்கும் தெரியாது. சரியாகத்தான் செய்திருக்கிறாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்பதெல்லாம் இன்னும் அவள் கையில்தானே இருந்திருக்கிறது, படம் சொல்கிறது என்று யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்... அவன் மட்டும் வந்து கேட்காமல் இருந்திருந்தால், முக்காலியைத் திருகுகிற சாக்கில், அந்த மேகத்துக்காக அவளே காத்திருப்பாளோ?