எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல்

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வாவியைப் பார்த்தபடி இருக்கிறது பிரட்லியின் கொமினிகேஷன் கடை. போட்டோக்கொப்பி, பிரிண்ட், லெமினேட்டிங் என்று பலகையில் எழுதியிருந்தாலும், உயர்தரப் பெறுபேறு வெளியானதும் அந்தக் கடைக்கு ஒரே தொழில்தான், பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புவது. பிரட்லி பதினொரு வருடமாக நிரப்புகிறார். எந்தப் படிப்புக்கு என்ன குறியீடு, போன வருடம் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு எந்த இசட் புள்ளியோடு, அதாவது எந்த வெட்டுப்புள்ளியோடு கதவு மூடியது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சொந்த மின்னஞ்சல் கிடையாது. இருந்தாலும் கடவுச்சொல் மறந்து போயிருக்கும். அதற்காகப் பிரட்லி ஒரு சுலப வழி வைத்திருந்தார். எல்லா விண்ணப்பத்திலும் தன்னுடைய மின்னஞ்சலையே போட்டுவிட்டு, விண்ணப்பக் கணக்குகளின் கடவுச்சொற்களை ஒரு தடித்த சீஆர் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வார். "கடிதம் வந்தா எனக்கு வரும். நான் கூப்பிட்டுச் சொல்லுவன். நீங்க நிம்மதியா நித்திரை கொள்ளுங்க" என்பார். இந்த வருடம் கொப்பியில் நாற்பத்து மூன்று பெயர். முதல் பெயர் கிளோடியா, தங்கை புளோறன்ஸின் மகள்.

கிளோடியா கணிதப் பிரிவு. இரண்டு வருடமும் ரியூசனுக்கு ஏற்றி இறக்கியது பிரட்லியின் ஸ்கூட்டர்தான். கடந்தகால வினாத்தாள்களை அடித்து, பின் குத்தி, பாடவாரியாக அடுக்கிக் கொடுத்ததும் அவர்தான். தகப்பன் மல்கம் தச்சுவேலை. அவர் செய்கிற கதவையும் நிலையையும் பார்த்து வளர்ந்தவளுக்குக் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்ற ஆசை எப்படியோ ஏறிவிட்டது. அதற்கு இசட் புள்ளி மட்டும் போதாது. அதைப் படிப்பிக்கிற பல்கலைக்கழகம் கொழும்பில் தனியாக ஓர் உளச்சார்புப் பரீட்சை வைக்கும், அதற்குத் தனி விண்ணப்பம். அதையும் பிரட்லிதான் அனுப்பினார்.

பிரதான விண்ணப்பத்தில் முதல் விருப்பம் கட்டடக்கலை. இரண்டாவதாக நகரத் திட்டமிடல் போடலாமா என்று கிளோடியா கேட்டாள். "முதலாவதே கிடைக்கப்போகுது, ரெண்டாவத ஆர் பாக்கிற?" என்று சிரித்துவிட்டு, புளோறன்ஸ் சொன்னபடி பக்கத்து வந்தாறுமூலைக் கம்பஸில் விஞ்ஞானம் என்று பிரட்லி தட்டினார். வீட்டிலிருந்தே போய்வரலாம், தாயும் சந்தோஷப்படுவாள் என்பது அவர் கணக்கு.

புதன்கிழமை காலை ஏறாவூர் ரிப்கா கடைக்கு வந்தாள். கிளோடியாவோடு ஒரே ரியூசன், ஒரே ஆசை. கையில் போன். "பிரட்லி அங்கிள், இத பிரிண்ட் எடுத்துத் தாங்க. சனிக்கிழமைப் பரீட்சைட அனுமதி அட்டை. கிளோடியாக்கும் வந்திரிக்குமே?"

"வரும், வரும். சேர்வர் ஸ்லோ" என்றார் பிரட்லி.

அவள் போனதும் மின்னஞ்சலைத் திறந்து தேடினார். கிடைத்தது. பத்தொன்பது நாளைக்கு முந்தியது. அவர் திறந்தே பார்க்கவில்லை. விண்ணப்பம் கிடைத்தது, ஏழு நாளுக்குள் கீழுள்ள இணைப்பில் போய்ப் புகைப்படத்தை ஏற்றி உறுதிப்படுத்தாவிட்டால் இரத்தாகும் என்று எழுதியிருந்தது. அதற்கு மேலும் கீழும் மற்ற நாற்பத்திரண்டு பிள்ளைகளின் கடிதங்கள், பேப்பர்க் கம்பனி விளம்பரங்கள். பெரிய மனுசனாய் எல்லார் கடிதத்தையும் வாங்கி வைத்தவர், சொந்த மருமகளின் கடிதத்தைக் கோட்டை விட்டுவிட்டார்.

கொழும்புக்குப் போன் எடுத்தார். ஒரு பெண் மரியாதையாகவே சொன்னாள், பட்டியல் மூடிவிட்டதாம். இனி அந்தப் பரீட்சை வேண்டுமென்றால் உயர்தரத்தையே இன்னொரு தடவை எழுதிவிட்டுத்தான் அடுத்த வருடம் வரவேண்டும். பிரதான விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை மாற்ற மட்டும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை அவகாசம் இருந்தது.

அன்று பின்னேரம் கிளோடியா வந்து, வழமைபோல மூலை மேசையில் இருந்து படம் கீறிப் பழகினாள். கல்லடிப் பாலத்தைப் பார்க்காமலே கீறினாள். "அட்டை வந்திட்டா அங்கிள்?" என்றாள். "நாளைக்குப் பாப்பம் புள்ள." அவள் தலையை ஆட்டிவிட்டுப் பென்சிலைத் தீட்டினாள். பிரட்லிக்கு அழுகை வந்தது. போட்டோக்கொப்பி மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே எதையோ பார்ப்பதுபோல நின்றார்.

வியாழக்கிழமை பனிச்சையடிக்கு, தங்கை வீட்டுக்குப் போனார். மல்கம் வேலைக்குப் போயிருந்தார். புளோறன்ஸ் மகளின் பயணச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். பிரட்லி எதையும் மறைக்காமல் சொன்னார். தங்கை ஏசுவாள், அயன் பெட்டியாலே எறிந்தாலும் எறிவாள் என்று நினைத்தார். அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டாள்.

"அண்ணா, ஆண்டவர் என்ட மன்றாட்டக் கேட்டிட்டார்."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"மல்கமுக்கு ராவில மூச்சு இழுக்குது. இவளும் கொழும்புக்குப் போனா நான் தனிய என்ன செய்யிற? வந்தாறுமூலைண்டா பின்னேரம் வீட்ட வந்திருவாள். நாளைக்கு நாலு மணி போகட்டும், மறுகா சொல்லுவம். கம்பஸால அட்டை வரல்ல எண்டு சொன்னாச் சரி. உங்கட பேரும் கெடாது."

பிரட்லி ஸ்கூட்டர்த் திறப்பை எடுத்தார். உண்மையைச் சொன்னால் அந்தக் கடைசிச் சொல் அவருக்கு இனித்தது. பதினொரு வருடத்துப் பேர். நாலு மணி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி கொழும்போடு போய்விடும். அந்த இனிப்பை நினைத்துத்தான் வீடு போகும் வழியெல்லாம் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி தாண்டி கிளோடியா பயணப் பையோடு வந்தாள். பரீட்சைக்குப் பென்சில், அடிமட்டம், பயணத்துக்கென்று மல்கம் கொடுத்த பழைய போன், எல்லாம் பையில். ரிப்கா பஸ் நிலையத்தில் நிற்கிறாளாம். "அங்கிள், அட்டை? இப்பவும் வரல்லயா?"

மணிக்கூட்டில் மூன்று இருபது. பிரட்லி சீஆர் கொப்பியை எடுத்தார், வைத்தார். பிறகு சொல்லிவிட்டார், தட்டுத்தடுமாறி, ஆனால் முழுவதையும்.

கிளோடியா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"புதன்கிழமை இஞ்ச இருந்துதானே கீறினன்."

"ஓம் புள்ள."

"மம்மிக்குத் தெரியுமா?"

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. "தெரியும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்து, மூக்கு நுனி மட்டும் துடித்தது. "எழும்புங்க" என்றாள். பிரட்லி கதிரையை விட்டு எழும்பினார். கொப்பியில் தன் பெயருக்கு நேரே இருந்த கடவுச்சொல்லைப் பார்த்து உள்ளே போனாள். முதல் வேலையாக அவருடைய மின்னஞ்சலை அழித்துவிட்டு, தகப்பனின் போனில் புதிதாய் ஒன்று திறந்து போட்டாள்.

"நகரத் திட்டமிடலுக்குக் குறியீடு..." என்று தொடங்கினார் பிரட்லி.

"எனக்குத் தெரியும். அங்கிள், ஒள்ளுப்பம் அங்கால கிறுகி நில்லுங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றார். வாவியில் ஒருவர் தோணியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் விசைகள் தட்டுப்பட்டன, நின்றன, மீண்டும் தட்டுப்பட்டன. பதினொரு வருடத்தில் இந்தக் கடையில் அவர் பார்க்காமல் ஒரு விண்ணப்பம் நிரம்புவது இதுதான் முதல் தடவை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கதிரை பின்னால் இழுபட்டது. கொப்பியில் அவள் பெயரின் மேல் பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தது.

"ரெண்டாவதா என்ன போட்டாய் புள்ள?" என்று கேட்டார். வந்தாறுமூலையா, தூரமா என்று தெரியாமல் புளோறன்ஸின் முகத்தில் எப்படி விழிப்பது?

கிளோடியா பையைத் தோளில் போட்டாள்.

"கடிதம் வந்தா எனக்கு வரும் அங்கிள்," என்றாள். "நீங்க நிம்மதியா நித்திரை கொள்ளுங்க."